தஞ்சாவூரைச் சுற்றி இணைந்த பசுமை வளையம்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: கரந்தைவாசி

அனைவருக்கும் வணக்கம். தஞ்சாவூரைச் சுற்றியுள்ள ஏரிகள், ஆற்றங்கரைகள், வாய்க்கால் ஓரங்கள், புதர்க்காடுகள் ஆகியவற்றை ஒன்றோடொன்று தொடர்புபடுத்தும் பசுமை வளையம் ஒன்றை உருவாக்க வேண்டும் என்று கோரி, கரந்தைப் பகுதியில் வசிக்கும் நாங்கள் சிலர் மாவட்ட நிர்வாகத்துக்கும் நகர் ஊரமைப்புத் துறைக்கும் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். நகரின் முழுமைத் திட்டம் (எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுக்கும் மாஸ்டர் பிளான்) அடுத்துத் திருத்தப்படும்போது இக்கோரிக்கை அதில் இடம்பெற வேண்டும் என்பதே எங்கள் நோக்கம். "எந்த நிலம், யாருக்கு உரியது, எந்தச் சட்டத்தின்கீழ்?" என்று மனுவைப் படிக்கும் அலுவலர் கேட்டால் அதற்கு மனுவிலேயே விடை இருக்க வேண்டும் என்று விரும்புகிறோம். அதற்காகவே விவரம் அறிந்தவர்களின் உதவியை நாடுகிறேன்.

எங்கள் மனத்தில் உள்ள வரைபடம் இதுதான். மேற்கே கள்ளப்பெரம்பூர் ஏரி; வடக்கே வெண்ணாறும், கரந்தையை ஒட்டி ஓடும் வடவாறும்; கிழக்கே, புன்னைநல்லூர் மாரியம்மன் கோயில் பக்கம் சமுத்திரம் ஏரி; தென்மேற்கே வல்லத்தின் செம்மண் மேட்டுநிலமும் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் பரந்த வளாகமும். நகருக்குள்ளே சிவகங்கைக் குளம், கோட்டை அகழி, பெரிய கோயிலுக்கு அருகே செல்லும் புது ஆறு எனப்படும் கல்லணைக் கால்வாய் ஆகியவை இருக்கின்றன. இவை ஒவ்வொன்றும் தனித்தனியே இருப்பதால், ஒன்று கெடும்போது மற்றொன்றுக்கு அது தெரிவதில்லை. இவற்றை இணைத்தால் ஒன்றுக்கொன்று துணையாக நிற்கும் என்று நம்புகிறோம்.

ஸ்பெயின் நாட்டின் விட்டோரியா-காஸ்டெய்ஸ் நகரம் எங்களுக்கு ஊக்கம் தந்தது. அங்கே மக்கள்தொகை ஏறத்தாழ இரண்டரை லட்சம். 2011 கணக்கெடுப்பில் 2,22,943 பேர் வாழ்ந்த தஞ்சாவூரோடு ஒப்பிடத்தக்க அளவு. நகர விளிம்பில் சீரழிந்து கிடந்த ஈரநிலங்களையும் ஆற்றோரங்களையும் காடுகளையும் 1990களில் தொடங்கிப் படிப்படியாகச் சீரமைத்து, நடைபாதைகளால் இணைத்து, ஊரைச் சுற்றி ஒரு வளையமாக ஆக்கியிருக்கிறார்கள். அதில் உள்ள சலபுருவா ஈரநிலம் 2002இல், உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. அந்நகரம் 2012ஆம் ஆண்டுக்கான ஐரோப்பியப் பசுமைத் தலைநகரமாகத் தேர்வு பெற்றது.

எங்கள் ஐயங்கள் இவை: ஒரு நகரைச் சுற்றி வட்டமாக வரையும் திட்டம் டெல்டா நிலத்துக்குப் பொருந்துமா? இடையில் கிடக்கும் தனியார் நன்செய் நிலங்களை என்ன செய்வது? கையில் இருக்கும் சட்டங்களைக் கொண்டு எதுவரை போக முடியும்? எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்க முடியாது என்றால் முதலில் எதைக் கேட்பது?

பதில்: மதகடி (ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர்)

உங்கள் முதல் ஐயத்தை எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் மற்றவை அதைப் பொறுத்தவை. டெல்டாவின் நீர்வழிகள் கல்லணையிலிருந்து கிழக்கு நோக்கி விசிறிபோல் விரிகின்றன. காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், அவற்றிலிருந்து பிரியும் குடமுருட்டி, வெட்டாறு, வடவாறு என எல்லாம் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுபவை. நீங்கள் வரையும் வட்டம் இந்தக் கோடுகளைக் குறுக்கே வெட்டுகிறது. வட்டத்தின் வடபகுதியும் தென்பகுதியும் ஆற்றின் போக்கிலேயே அமைந்துவிடும். கிழக்கிலும் மேற்கிலும் ஆறுகளுக்குக் குறுக்கே இணைப்பு வேண்டும். அந்தக் குறுக்கு இணைப்புகளை எங்கே காண்பது என்பதுதான் இத்திட்டத்தின் உண்மையான கேள்வி.

இதற்கு விடை வடிகால்களில் இருக்கிறது. வண்டல் படியப் படிய டெல்டாவின் ஆறுகள் மேட்டின்மேல் ஓடுபவையாக ஆகிவிட்டன. ஆற்றின் இரு கரையும் உயரம். இரண்டு ஆறுகளுக்கு நடுவில் உள்ள நிலம் தாழ்வு. பாசன வாய்க்கால் மேட்டிலிருந்து தண்ணீரைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டே போகும்; வயலில் மிஞ்சியதையும் மழைநீரையும் தாழ்விடத்தில் சேர்த்து எடுத்துச் செல்வது வடிகால். ஒரு வாய்க்காலின் கடைமடைக்கும் அடுத்த வாய்க்காலின் தலைமடைக்கும் இடையே இயல்பாகவே இணைப்பாக இருப்பது இந்த வடிகால்தான். ஆனால் பாசன வாய்க்காலுக்கு முறை கேட்டு வரும் விவசாயி இருக்கிறார், மதகைத் திறக்கும் பணியாளர் இருக்கிறார். வடிகாலுக்கு ஐப்பசி, கார்த்திகை மழையில் வயல் மூழ்கும் வரை கேட்பார் இல்லை. மனைப்பிரிவு போடுகிறவர் முதலில் தூர்ப்பது அதைத்தான். ஆகவே மனுவில் முதல் கோரிக்கையாக, நகரைச் சுற்றியுள்ள எல்லா வடிகால்களையும் அளந்து எல்லைக்கல் நட்டு, முழுமைத் திட்டத்தின் வரைபடத்தில் நீர்வழியாகக் குறிக்க வேண்டும் என்று எழுதுங்கள். மரம் நடுவது அதற்குப் பிறகு.

விட்டோரியாவை உதாரணமாகக் காட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். சலபுருவா வேளாண்மைக்காக வடிக்கப்பட்ட ஈரநிலம். அங்கே வடிகால்களை அடைத்து நீரைத் தேங்கவிட்டதால் ஈரநிலம் மீண்டது; வெள்ளக் காலத்தில் ஓடைநீரை அங்கே திருப்புவதால் நகரின் ஒரு பகுதிக்குப் பாதுகாப்பும் கிடைத்தது. இங்கே வடிகாலை அடைத்தால் சம்பாப் பயிர் அழுகிவிடும். அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, பசுமை வளையம் வெள்ளநீரை ஏந்தும் இடமாகவும் இருக்கலாம் என்ற நோக்கத்தை மட்டுமே. அந்த வேலையை இங்கே ஏரிகளும் குளங்களும் செய்ய வேண்டும். நாயக்கர் காலத்துச் சேவப்பநாயக்கன் வாரியில் மேட்டுநிலத்து மழைநீரைத் தேக்கி, அங்கிருந்து சிவகங்கைக் குளத்துக்குக் கொண்டுவந்த ஏற்பாட்டை நினைத்துப் பாருங்கள். இணைப்பு என்ற எண்ணம் இந்த ஊருக்குப் புதிதன்று.

மரங்களைப் பற்றியும் ஒரு தொழில்நுட்பக் குறிப்பு. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12இல் திறக்கப்பட்டு ஜனவரி 28இல் மூடப்படுகிறது. மாசி முதல் வைகாசி வரை வாய்க்கால்கள் வறண்டே கிடக்கும். நடும் கன்று முதல் இரண்டு கோடைகளைக் கடக்க நீர் ஏற்பாடு இல்லாமல் நடுவது பயனற்றது. கரையின் உச்சியில் பெருமரம் வைக்கக் கூடாது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது மரங்கள் வேரோடு சாய்ந்ததைப் பட்டுக்கோட்டை, ஒரத்தநாட்டுப் பகுதி மக்கள் மறக்க மாட்டார்கள். கரைமேல் நிற்கும் மரம் அப்படிச் சாயும்போது மண்ணையும் பெயர்த்துக்கொண்டு போகும். அந்த இடத்தில்தான் உடைப்பு ஏற்படும். மரம் கரையின் வெளிச்சரிவின் அடியில் நிற்கட்டும். உச்சியில் புல்லும், தூர்வாரும் இயந்திரம் செல்லும் வழியும் இருக்கட்டும். இவ்வாறு எழுதினால் நீர்வளத்துறை மறுப்பதற்குக் காரணம் குறைவு.

கல்லணைக் கால்வாயைப் பொறுத்தவரை நிலைமை வேறு. ஏறத்தாழ 148 கிலோமீட்டர் நீளமுள்ள அக்கால்வாயைச் சுமார் 2,640 கோடி ரூபாய் மதிப்பில் சீரமைக்கும் பணிக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. கான்கிரீட் தளம் போட்டால் கடைமடைக்கு நீர் விரைவாகச் சேரும் என்பது உண்மை. கரையோரக் கிணறுகளுக்கும் மரங்களுக்கும் ஊறிவந்த நீர் குறையும் என்று விவசாயிகள் எழுப்பிய கவலையும் உண்மை. ஆகவே கால்வாயை ஒரு நடைபாதையாகவும் நிழற்சாலையாகவும் திட்டமிடலாம். உயிரினங்களுக்கான முதன்மை வழியாக அதை நம்பியிருக்க வேண்டாம். அந்தப் பணி மண்கரை உள்ள வடவாற்றுக்கும் வெண்ணாற்றுக்கும் உரியது.

பதில்: வெண்ணாற்றுப் பாசனம்

நான் புறவழிச்சாலையை ஒட்டிய கிராமத்தில் நெல் பயிரிடுபவன். பொறியாளர் ஐயா வடிகாலைப் பற்றிச் சொன்னது முழுக்க எங்கள் அனுபவம். அதனோடு, நகரத்து நண்பர்கள் மனு எழுதும் முன் அறிந்துகொள்ள வேண்டிய சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

வரைபடத்தில் எங்கள் வயலுக்குப் பச்சை வண்ணம் பூசுவது எளிது. அந்த வண்ணத்துக்கு உள்ளே இருப்பவன் தன் நிலத்தை மனையாக விற்க முடியாது. சாலைக்கு மறுபக்கம் வண்ணத்துக்கு வெளியே இருப்பவன் பல மடங்கு விலைக்கு விற்பான். நகரம் தூய காற்று வாங்குவதற்கான செலவை விளிம்பில் உள்ள சில குடும்பங்கள் மட்டும் சுமப்பது எந்த வகையில் நியாயம் என்று எங்கள் ஊர்க் கூட்டத்தில் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு உங்கள் மனுவில் இடம் இருக்க வேண்டும்.

அதே நேரத்தில், எல்லோரும் பணத்துக்காகவே விற்கிறார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். நிலம் கைமாறுவது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. தலைமடையில் ஒருவர் மனைப்பிரிவு போடுகிறார். வாய்க்காலின் குறுக்கே பாதை அமைத்துச் சிறிய குழாய் ஒன்றைப் பதிக்கிறார். அதில் குப்பை அடைத்துக்கொள்கிறது. கீழே உள்ள பத்து வயல்களுக்குக் குறுவைக்கு நீர் வருவதில்லை. மழைக்காலத்தில் தேங்கிய நீர் வடிவதுமில்லை. இரண்டு மூன்று போகம் இழந்த பிறகு அந்த வயல்கள் தரிசாகின்றன. "தரிசுதானே, மனையாக்கினால் என்ன?" என்று அப்போது வந்து கேட்கிறார்கள். தண்ணீர் வரும் வழியையும் போகும் வழியையும் காப்பாற்றிக் கொடுத்தால் எங்களில் மிகப் பலர் உழுதுகொண்டே இருப்போம், எங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டம் எதுவும் தேவைப்படாது. பசுமை வளையத்தில் மிகப் பெரிய பரப்பு நெல்வயலாகத்தான் இருக்கப்போகிறது. அது நீடிப்பது வாய்க்காலைப் பொறுத்தது, வண்ணத்தைப் பொறுத்தது அன்று.

2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் எங்களைக் காப்பாற்றிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். எண்ணெய், எரிவாயு எடுப்பது, உருக்காலை, தோல் பதனிடும் ஆலை போன்றவற்றுக்கு அச்சட்டம் தடை விதிக்கிறது. அதற்காகப் போராடியவர்களில் நாங்களும் உண்டு. ஆனால் வயல் வீட்டுமனையாவதை அந்தச் சட்டம் தடுப்பதில்லை. நகர விளிம்பில் நடக்கும் இழப்பு பெரும்பாலும் அந்த வகையே.

இன்னொன்று. சம்பா அறுவடைக்குப் பின் எங்கள் நிலம் காலியாகக் கிடப்பதாக நகரத்து வரைபடங்கள் காட்டும். அப்போது ஈரம் இருக்கும்போதே உளுந்தும் பயறும் விதைத்திருப்போம். அதன்பின் இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து கீதாரிகள் ஆடுகளை ஓட்டிவந்து கிடை போடுவார்கள். அறுவடையான வயலில் சிந்திய நெல்லுக்காக வாத்து மேய்ப்பவர்கள் வருவார்கள். அவர்கள் வரும் வழி பெரும்பாலும் ஆற்றுப் படுகையும் வாய்க்கால் கரையுமே. இணைப்புப் பாதை என்று நீங்கள் வேலி போட்டுக் கன்று நட்டால், இந்தப் பழைய வழிகள் அடைபடும். அவற்றைக் கேட்டறிந்து வரைபடத்தில் சேருங்கள்.

பதில்: புல எண் (நகரமைப்புத் துறையில் பணியாற்றுபவர்)

மேலே உள்ள இரண்டு பதில்களும் மிக முக்கியமானவை. சட்டத்தின் பக்கத்தை நான் விளக்குகிறேன். இதில் தவறான வழியைத் தேர்ந்தெடுத்ததால் நல்ல திட்டங்கள் பல வீணாகியிருக்கின்றன.

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971இல் இயற்றப்பட்டது. முழுமைத் திட்டத்தில் ஒரு தனியார் நிலத்தைப் பூங்கா என்றோ பொதுத் திறந்தவெளி என்றோ ஒதுக்கிக் குறிக்க அதில் இடமுண்டு. ஆனால் அவ்வாறு ஒதுக்கப்பட்ட நிலத்தை மூன்று ஆண்டுகளுக்குள் அரசு கையகப்படுத்த முன்வராவிட்டால், அச்சட்டத்தின் 38ஆம் பிரிவின்படி அந்த ஒதுக்கீடு விடுபட்டதாகக் கருதப்படும். இந்தப் பிரிவைக் காட்டி நீதிமன்றம் சென்று ஒதுக்கீட்டிலிருந்து நிலத்தை விடுவித்துக்கொண்டவர்கள் ஏராளம். நிலத்தை வாங்கும் பணம் உள்ளாட்சியிடம் இல்லாதபோது நன்செய் முழுவதையும் பூங்கா என்று வரைவது, மூன்று ஆண்டுகளில் கலைந்துபோகும் வளையத்தை வரைவதாகும். இடையில் விவசாயியின் பகையையும் சம்பாதித்துக்கொள்வோம்.

நிலைத்து நிற்கக்கூடிய வழி வேறு. நன்செய் நிலம் வேளாண் உபயோக மண்டலமாகவே தொடரட்டும். அதை மனையாக மாற்ற உரிய அனுமதிகள் இன்றும் தேவை. மண்டல மாற்றத்துக்கான விண்ணப்பம் வரும்போது, வாய்க்காலுக்கும் வடிகாலுக்கும் இத்தனை மீட்டர் தூரம்வரை மாற்றம் தரப்படாது என்ற தெளிவான விதி முழுமைத் திட்டத்தில் இருக்குமாறு கோருங்கள். நீர்வழியை ஒட்டிய பட்டையை மட்டும் இறுக்கமாகப் பிடித்தால், விவசாயியின் முழு நிலமும் சிக்கிக்கொள்ளாது. மேலே நண்பர் எழுப்பிய நியாயக் கேள்விக்கு அது முழு விடை அன்று என்றாலும் சுமையைக் கணிசமாகக் குறைக்கும்.

அடுத்தது, ஏற்கெனவே பொதுவுடைமையாக உள்ள நிலம். ஏரிப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு, ஆற்றுப் புறம்போக்கு, மேய்ச்சல் தரை, மந்தைவெளி ஆகியவை கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேட்டில் புல எண்ணோடு பதிவாகியிருக்கும். அவற்றின் அகலத்தைப் புல வரைபடத்தில் அளந்துகொள்ளலாம். களத்தில் இன்று ஓரடியாகத் தெரியும் வடிகால், வரைபடத்தில் பல மடங்கு அகலமாக இருப்பது இப்பகுதியில் அரிதன்று. அந்த அகலம் முழுவதும் அரசு நிலம். அதை வாங்க வேண்டியதில்லை, மீட்டால் போதும். ஏரிகளுக்கு 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் எல்லை அளவீட்டுக்கு வழிசெய்கிறது.

மூன்றாவது வழியைப் பலரும் கவனிப்பதில்லை. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை நீங்கலாக உள்ள பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும், அல்லது அதன் மதிப்பைப் பணமாகக் கட்ட வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்டால் அதை நிலமாகவே தர வேண்டும். நடைமுறையில் இந்த ஒதுக்கீடு மனைப்பிரிவின் பயனற்ற மூலையில், முக்கோணத் துண்டாக வந்து சேருகிறது. மனைப்பிரிவின் எல்லையில் வாய்க்காலோ வடிகாலோ இருந்தால் திறந்தவெளி ஒதுக்கீடு அதை ஒட்டியே அமைய வேண்டும் என்ற ஒரே ஒரு நிபந்தனையைத் திட்டத்தில் சேர்த்துவிட்டால், வளரும் ஒவ்வொரு மனைப்பிரிவும் வளையத்துக்கு ஒரு துண்டை இலவசமாகத் தந்துகொண்டே இருக்கும். இதை உங்கள் மனுவின் முதன்மைக் கோரிக்கைகளில் ஒன்றாக வைக்குமாறு அழுத்தமாகப் பரிந்துரைக்கிறேன்.

கோயில் நிலங்களையும் மறவாதீர்கள். நகரைச் சுற்றிக் கோயில்களுக்குச் சொந்தமான நன்செயும் நந்தவனமும் குளமும் நிறைய உண்டு. 1959ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டம் 34ஆம் பிரிவின்படி அவற்றை விற்கவோ ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவோ ஆணையரின் அனுமதி வேண்டும். எனவே அவை எளிதில் மனையாகாத நிலங்கள்; குத்தகைதாரரின் சாகுபடி உரிமையைத் தொடாமல் அவற்றை வளையத்தின் உறுதியான கண்ணிகளாகக் கணக்கில் கொள்ளலாம்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்றை நானும் சொல்கிறேன். கனடாவின் தலைநகரான ஒட்டாவாவுக்கு 1950இல் வெளியான கிரேபர் திட்டம் ஒரு பசுமை வளையத்தைப் பரிந்துரைத்தது. அரசு 1950களின் பிற்பகுதியில் தொடங்கி ஏறத்தாழ 20,000 எக்டேர் பரப்பை, பெருமளவு விலைக்கு வாங்கியே, பாதுகாத்தது. வளையம் இன்றும் இருக்கிறது. ஆனால் நகரம் அதைத் தாண்டிக் குதித்து, அப்பால் கனாட்டா, ஓர்லியன்ஸ் என்று புறநகர்களாக வளர்ந்துவிட்டது. நம்மிடம் அவ்வளவு பணமும் இல்லை. வளையத்துக்கு வெளியே உள்ள ஊராட்சிகளில் என்ன அனுமதிக்கப்படும் என்பதையும் சேர்த்துத் திட்டமிடாவிட்டால், திருவையாற்றுச் சாலையிலும் கும்பகோணம் சாலையிலும் அதே குதிப்பு நடக்கும்.

கரந்தைவாசி

இவ்வளவு விரிவாக எழுதியவர்களுக்கு நன்றி. வடிகாலில் இருந்து தொடங்குவது என்பதும், பூங்கா என்று குறிக்காமல் நீர்வழிப் பட்டையைக் கோருவது என்பதும் எங்கள் வரைவை முற்றிலும் மாற்றிவிட்டன. இரண்டு ஐயங்கள் மிஞ்சியிருக்கின்றன. வாய்க்கால் புறம்போக்கை மீட்பது என்றால் அங்கே குடிசை போட்டு வாழ்பவர்களை என்ன செய்வது என்ற கேள்விக்கு எங்கள் கூட்டத்தில் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை. மேலும், இணைப்புப் பட்டை எவ்வளவு அகலம் இருந்தால் உயிரினங்களுக்குப் பயன்படும், அதில் எதை நடலாம் என்பதையும் அறிய விரும்புகிறோம்.

பதில்: கரையோரம்

வாய்க்கால் கரைகளில் வாழும் குடும்பங்களோடு நீண்ட காலமாகப் பணியாற்றி வருபவள் என்ற முறையில் முதல் ஐயத்துக்குப் பதில் எழுதுகிறேன். டெல்டாவில் கரையில் குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் சொந்த நிலம் இல்லாத விவசாயத் தொழிலாளர்கள். ஊர் நத்தத்தில் இடம் கிடைக்காததாலும், வேலை வயலில் இருந்ததாலும் அவர்களுடைய பாட்டன், பாட்டி கரையில் குடியேறினார்கள். பலருடைய நாற்று நடவிலும் அறுவடையிலும்தான் இந்த மாவட்டத்து நெல் விளைந்தது. அவர்களையும், வாய்க்காலைத் தூர்த்துச் சுற்றுச்சுவர் எழுப்பிய கல்யாண மண்டபத்தையும் "ஆக்கிரமிப்பு" என்ற ஒரே சொல்லால் ஒரே பட்டியலில் எழுதிவிடாதீர்கள்.

மனுவில் இரண்டையும் பிரித்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். நீர் ஓடும் பாதையை உண்மையில் அடைக்கும் கட்டுமானங்கள் எவை என்று பொறியாளரின் அளவீட்டில் தெரிந்துவிடும். அவற்றில் வணிகக் கட்டடங்களே முதலில் அகற்றப்பட வேண்டும். குடியிருப்புகளை இடம் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், அதே ஊராட்சிக்குள், பிள்ளைகளின் பள்ளிக்கும் வயல் வேலைக்கும் எட்டும் தூரத்தில், பட்டாவோடு வீட்டுமனை தந்த பிறகே அதைச் செய்ய வேண்டும். நகரிலிருந்து வெகுதொலைவில் அடுக்குமாடியில் கொண்டுபோய் விடுவதை மறுவாழ்வு என்று நாங்கள் ஏற்க மாட்டோம். வெட்டிய கரையைப் பராமரிக்கவும் கன்றுகளைக் காக்கவும் ஆட்கள் வேண்டும்; அந்த வேலையை ஊரக வேலைத் திட்டத்திலோ உள்ளாட்சி வழியாகவோ முதலில் இக்குடும்பங்களுக்கே கொடுங்கள். கரையை அவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் யாரும் இல்லை.

பதில்: நத்தைகுத்தி

இரண்டாவது ஐயத்துக்கு என்னால் இயன்றது. பறவைகளைக் கவனித்துவருபவன் நான். அகலத்துக்கு ஒரே எண்ணைச் சொல்ல இயலாது, எந்த உயிருக்கு என்பதைப் பொறுத்தது. தவளைக்கும் தட்டானுக்கும் சிறு மீனுக்கும் வடிகாலின் இருபுறமும் வெட்டப்படாத புல்லும் கோரையும் சில மீட்டர் இருந்தாலே பெரிய பயன் உண்டு. காவிரி, கொள்ளிடக் கரைகளில் இன்றும் வாழும் நீர்நாய்க்கு, ஆள் நடமாட்டம் குறைந்த, நாணலும் மூங்கிலும் அடர்ந்த கரை தொடர்ச்சியாக வேண்டும். நாரைக்குத் தொடர்ச்சி தேவையில்லை, பறந்து கடக்கும். அதற்கு வேண்டியவை, இரைக்கு நெல்வயலும் அடைவதற்குப் பெருமரமும்.

ஆகவே வளையத்தைத் தஞ்சாவூரோடு முடிந்துவிடுவதாக நினைக்க வேண்டாம். வடவாற்று நீர் பெறும் வடுவூர் ஏரி, மன்னார்குடி சாலையில் நம்மிடமிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. 1999இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வடக்கே அரியலூர் மாவட்டத்தின் கரைவெட்டி ஏரி 2024இல் அப்பட்டியலில் இடம்பெற்றது. இவ்விரண்டுக்கும் இடையில் கள்ளப்பெரம்பூர் ஏரியும் சமுத்திரம் ஏரியும் ஓய்விடங்களாக அமைகின்றன. குளிர்காலத்தில் வலசை வரும் ஊசிவால் வாத்துகளும், வயலில் நத்தை தின்னும் நத்தைகுத்தி நாரைகளும், அரிவாள்மூக்கன்களும் இந்த ஏரிகளையும் வயல்களையும் ஒரே நிலப்பரப்பாகவே பயன்படுத்துகின்றன. வயலில் பூச்சிக்கொல்லி அளவுக்கு மீறினால் ஏரியில் பறவை குறையும் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நடுவதற்கு முன் அகற்ற வேண்டியவை இருக்கின்றன: ஏரிக்குள் சீமைக்கருவேலம், நீர்ப்பரப்பில் ஆகாயத்தாமரை, வடிகால்களில் நெய்வேலிக் காட்டாமணக்கு. சீமைக்கருவேலத்தை ஒரே மூச்சில் வெட்டிவிட வேண்டாம். பல ஏரிகளில் கொக்கும் நாரையும் அதன்மேல்தான் கூடு கட்டுகின்றன. நாட்டுக்கருவேலமும் நீர்க்கடம்பும் வளர்ந்து இடம்பிடிக்கும் வரை பகுதி பகுதியாக அகற்றினால் போதும். கரையின் வெளியடியில் மருதம், நாவல், புங்கன், இலுப்பை, புன்னை ஆகியவை இந்த மண்ணுக்கு இயல்பானவை. வரப்பும் வாய்க்காலும் சந்திக்கும் இடங்களில் பனை. தூக்கணாங்குருவியும் பனை உழவாரனும் அதை நம்பியே வாழ்கின்றன, புயலிலும் அது நிற்கும். வல்லம் பக்கத்து மேட்டுநிலத்தில் இந்த மரங்களை வைக்கக் கூடாது. அது வேறு நிலம்: செம்மண்ணும் சரளையும் நிறைந்த புதர்க்காடு. சூரை, காரை, கிளுவை, ஆவாரை என்று தானாக முளைத்திருப்பதே அங்கே பாதுகாக்கத்தக்க செல்வம். அந்தப் புதரைப் பாழ்நிலம் என்று எண்ணிக் குழி தோண்டித் தேக்கும் வேம்பும் நடுவதை நான் பலமுறை எதிர்த்திருக்கிறேன். மேட்டிலிருந்து ஏரிக்கு வரும் மழைநீரை வடிகட்டுவதும் மண்ணரிப்பைத் தடுப்பதும் அந்தப் புதரே.

பதில்: மதகடி

கரையோரம் அம்மா எழுதியதை அப்படியே மனுவில் சேருங்கள். அளவீட்டில் கட்டுமானங்களை வகை பிரிப்பது தொழில்நுட்ப அளவில் எளிது. பணி விரைவாக முடியவும் அது உதவும்.

எங்கே தொடங்குவது என்ற கேள்வி மீதமிருப்பதால் என் கருத்தைச் சொல்கிறேன். வடவாற்றுக்கும் சமுத்திரம் ஏரிக்கும் இடைப்பட்ட கிழக்குப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வயலும் மனைப்பிரிவும் இன்று கலந்து கிடக்கின்றன. இன்னும் சில ஆண்டுகள் விட்டால் இணைக்க இடம் இருக்காது. மேற்கே கள்ளப்பெரம்பூர்ப் பக்கத்துக்கு அவ்வளவு நெருக்கடி வரவில்லை. கிழக்கில் உள்ள கிராமங்களின் அ-பதிவேட்டையும் புல வரைபடங்களையும் முறைப்படி விண்ணப்பித்துப் பெற்று, நீர்வழிப் புறம்போக்குகளின் புல எண், பதிவிலுள்ள அகலம், களத்தில் உள்ள அகலம், அடைப்பின் வகை ஆகியவற்றை ஓர் அட்டவணையாகத் தயாரியுங்கள். களத்தை இரண்டு காலங்களில் பார்க்க வேண்டும். சித்திரை, வைகாசியில் நடந்தால் வாய்க்காலின் தரைமட்டமும் குழாய்களின் அளவும் தெரியும். கார்த்திகை மழையில் நடந்தால் நீர் எங்கே தேங்குகிறது, எந்தத் தெருவுக்குள் திரும்புகிறது என்பது தெரியும்.

கழிவுநீரையும் அட்டவணையில் ஒரு தனிப் பத்தியாகச் சேருங்கள். எந்த வீட்டுத் தொகுப்பின் சாக்கடை எந்த வடிகாலில் விழுகிறது என்று குறிக்காமல் வடிகாலை மட்டும் அகலப்படுத்தினால், ஏரிக்குச் சாக்கடை விரைவாகப் போய்ச் சேரும் வழியைத்தான் நாம் அமைத்திருப்போம்.

பதில்: வெண்ணாற்றுப் பாசனம்

கிழக்குப் பகுதிக் கிராமங்களில் உள்ள விவசாயிகளிடம் நான் பேசுகிறேன். வடிகால் அளவீடு என்று சொன்னால் வருவார்கள். பசுமை வளையம் என்று சொன்னால் நிலம் பறிபோகும் என்று அஞ்சுவார்கள். எந்த வயலையும் பூங்காவாகக் குறிக்கும்படி கேட்கவில்லை என்ற வரி மனுவின் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். களநடைக்குத் தேதி குறிக்கும்போது நடவு, அறுவடை நாட்களைத் தவிர்த்து எங்களையும் கேட்டுக் குறியுங்கள். பழைய வடிகால் எந்த வழியாக ஓடியது என்று காட்டக்கூடிய முதியவர்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள், அவர்களை அழைத்து வருகிறேன்.